ஆகஸ்ட்ல போட்ட ஸ்லீப்பர் லிஸ்ட்டை ஜனவரியில சரிபார்க்கிறது எப்படி: 2023 என்எஃப்எல் சீசனை வச்சு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாசம் வந்தா ஃபேண்டஸி ஃபுட்பால் ஆடுற எல்லாரும் ஒரு ஸ்லீப்பர் லிஸ்ட் போட்டுடுவாங்க, ஆனா ஜனவரியில அந்த லிஸ்ட்டை எடுத்து வச்சு ஒவ்வொரு பேரா என்ன ஆச்சுன்னு பார்க்கிறவங்க ரொம்ப ரொம்ப கம்மி. எனக்கு இந்த ஆட்டத்துலயே ரொம்ப பிடிச்ச வேலை இப்போ அதுதான். டிராஃப்ட் நாளை விட பிடிக்கும். ஏன்னா நான் எப்படி யோசிக்கிறேன்னு எனக்கே காட்டுறது அந்த ஒரு வேலை தான், மத்ததெல்லாம் ஸ்கோர் மட்டும் தான் காட்டும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது அமெரிக்கன் ஃபுட்பால், என்எஃப்எல். கிரிக்கெட் ஃபேண்டஸி மாதிரி மேட்ச்சுக்கு ஒரு டீம் போடுறது இல்ல, சீசன் ஆரம்பத்துல 12 பேர் உக்காந்து மாத்தி மாத்தி பிளேயர்களை எடுப்போம், ஒருத்தர் எடுத்த பிளேயர் இன்னொருத்தருக்கு கிடையாது (இதுதான் டிராஃப்ட், எல்லாரும் ஒரு தடவை எடுத்தா அது ஒரு ரவுண்டு), அந்த டீமோட தான் டிசம்பர் கடைசி வரைக்கும் ஓட்டணும். எங்க லீக் முழு பிபிஆர், அதாவது ஒரு கேட்ச்சுக்கு 1 பாயிண்ட், 10 யார்டுக்கு 1 பாயிண்ட், டச்டவுனுக்கு (பந்தை எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி கொண்டு போறது) 6. ஸ்லீப்பர்னா கடைசி ரவுண்டுகள்ல சும்மா கிடைக்கிற விலைக்கு வந்து முன்னாடி ரவுண்ட் ஆள் மாதிரி பாயிண்ட் தர்றவர்.

உதாரணத்துக்கு 2023 சீசனை எடுத்துக்கிறேன். அந்த வருஷம் ஸ்லீப்பர் கணிப்புகளுக்கு அவ்வளவு பாடம் இருந்துச்சு, அதுல என் லிஸ்ட்டும் ஒண்ணு.

முதல் வேலை: பழைய லிஸ்ட்டை அப்படியே தோண்டி எடுங்க

ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. இது ரொம்ப முக்கியம். 2023 முடிஞ்சப்போ, அந்த வருஷம் யாரும் எதிர்பார்க்காம கலக்கின ஒருத்தரைப் பத்தி எங்க லீக்ல பாதி பேரு "நான் புக்கா நகூவாவை அப்பவே சொன்னேனே"ன்னாங்க, யாரும் பொய் சொல்லணும்னு சொல்லல, நிஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கு அவங்களுக்கு. மனசு அப்படித்தான் வேலை செய்யும், ஜெயிச்சவரை முன்னாடியே தெரியும்ங்கிற மாதிரி ஒட்ட வச்சிடும். அதனால வாட்ஸ்அப் குரூப்ல ஆகஸ்ட் மாசத்துக்கு போய் உங்க பேரைப் போட்டு தேடுங்க, போன்ல ஸ்க்ரீன்ஷாட் இருக்கும் பாருங்க, நோட்ஸ் ஆப்ல இருக்கும். எதுவுமே இல்லன்னா லீக் ஆப்ல பழைய டிராஃப்ட் ரிசல்ட்ஸ் பக்கம் இருக்கும், அதுல 8வது ரவுண்டுக்கு அப்புறம் நீங்க எடுத்த பேர்கள் தான் உங்க லிஸ்ட். வாயால சொன்னது வேற, கையால எடுத்தது வேற, ரெண்டும் கிடைச்சா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க.

என் 2023 லிஸ்ட் ஆறு பேர். கான்சஸ் சிட்டி ஸ்கை மூர், வாஷிங்டன் ஜஹான் டாட்சன், மினசோட்டா அலெக்ஸாண்டர் மேட்டிசன், மயாமி டெவான் ஏச்சன், ஹூஸ்டன் நிக்கோ காலின்ஸ், இண்டியனாபொலிஸ் அந்தோணி ரிச்சர்ட்சன். இதை மாத்தாம, அழிக்காம, ஒரு ஷீட்ல போட்டேன்.

ரெண்டாவது: விலையை எழுதுங்க

ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எந்த ரவுண்டுல போனாருன்னு எழுதணும். இங்கயே ஒரு பேரு அடிபடும். மேட்டிசன் எங்க லீக்ல 6வது ரவுண்டுல போனார். அது ஸ்லீப்பர் விலை இல்ல. மினசோட்டா டீமான வைக்கிங்ஸ், பந்தை வாங்கி ஓடுற முக்கிய ஆள் டால்வின் குக்கை ஜூன் மாசம் ரிலீஸ் பண்ணதுமே இனி ஓட்டம் எல்லாம் மேட்டிசனுக்குத்தான்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, தெரிஞ்ச விஷயத்துக்கு விலை ஏறிடும், ஏறின விலைக்கு வாங்கிட்டு அதை ஸ்லீப்பர்னு லிஸ்ட்ல போட்டது என் தப்பு. நானா வச்சுக்கிட்ட கோடு இது: 12 பேர் லீக்ல 8வது ரவுண்டுக்கு உள்ள போறவர் ஸ்லீப்பர் இல்ல. உங்க லீக்குக்கு நீங்க ஒரு கோடு போட்டுக்கோங்க, ஆனா போட்ட கோட்டை ரிசல்ட் பார்த்து நகத்தாதீங்க.

விலையோட இன்னொண்ணும் எழுதுங்க, அதே ரவுண்டுல அவருக்கு பதிலா யாரை எடுத்திருக்கலாம்னு ரெண்டு மூணு பேர். நான் 9வது ரவுண்டுல ஸ்கை மூரை எடுத்தேன், நிக்கோ காலின்ஸை அடுத்த ரவுண்டுக்கு விட்டேன், திரும்பி வர்றதுக்குள்ள அவர் போயிட்டார். என் லிஸ்ட்ல ரெண்டு பேருமே இருந்தாங்க. அந்த வருஷம் காலின்ஸ் 80 கேட்ச், 1,297 யார்டு, 8 டச்டவுன். மூர் 21 கேட்ச், 244 யார்டு, 1 டச்டவுன். லிஸ்ட்டை மட்டும் பார்த்தா "காலின்ஸ் சரி, மூர் தப்பு, ஒண்ணுக்கு ஒண்ணு"ன்னு தோணும். டிராஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்தா தான் தெரியும், நான் ரெண்டு பேர்ல தப்பான ஆளை மேல வச்சிருக்கேன்னு.

மூணாவது, இதுதான் மொத்த வேலையோட உயிர்: காரணத்தை ரெண்டா பிரிச்சு எழுதுங்க

ஒவ்வொரு பேரையும் ஏன் எழுதினீங்கன்னு ஒரே வரியில எழுதுங்க, எழுதிட்டு அந்த வரியை ரெண்டா உடைங்க. முதல் பாதி, இடம் காலியா இருக்கு, அதாவது அந்த டீம்ல பந்து யாருக்கோ போய்த்தான் ஆகணும். ரெண்டாவது பாதி, அந்த இடத்துக்கு இவர்தான் வருவார். நிறைய பேரு இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன், பிரிச்சுப் பார்த்ததும் தான் என் தப்பு எங்க இருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது.

ஸ்கை மூரை எடுத்துக்கோங்க. என் காரணம் இது: "ஜூஜூ ஸ்மித் ஷூஸ்டர் நியூ இங்கிலாந்து போயிட்டார், அவரோட கேட்ச் எல்லாம் இப்போ மூருக்கு." 2022ல ஜூஜூ கான்சஸ் சிட்டிக்கு பிடிச்சது 78 கேட்ச், 933 யார்டு. 2023ல அந்த இடத்துக்கு என்ன ஆச்சு தெரியுமா? ரஷீ ரைஸ்னு ஒரு ரூக்கி (முதல் வருஷ ஆட்டக்காரர்), நிஜ என்எஃப்எல் டிராஃப்ட்ல ரெண்டாவது ரவுண்டுல எடுத்த பையன், 79 கேட்ச், 938 யார்டு, 7 டச்டவுன். ஒரு கேட்ச், அஞ்சு யார்டு தான் வித்தியாசம். அந்த ரெண்டு வரியையும் ஷீட்ல மேலயும் கீழயுமா வச்சு நான் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன். நான் சொன்ன காலி இடம் நிஜமாவே இருந்துச்சு, கிட்டத்தட்ட அளவெடுத்த மாதிரி அதே சைஸ்ல இருந்துச்சு, அதுல போய் உக்காந்த ஆள் தான் வேற. அப்போ எனக்கு கான்சஸ் சிட்டி டீமைப் பத்தி தெரியலன்னு சொல்ல முடியாது. எனக்கு தெரியாதது, ரெண்டாவது வருஷத்துக்கு வந்தும் முதல் வருஷத்துல 22 கேட்ச் மட்டுமே பிடிச்ச ஒருத்தர் மேல ஏன் இவ்வளவு நம்பிக்கை வச்சேன்ங்கிறது.

அதுக்கு விடை விலையில இருந்துச்சு. மூர் 9வது ரவுண்ட். ரைஸ் எங்க லீக்ல கிட்டத்தட்ட கடைசி ரவுண்ட். ஒரே காலி இடத்துக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க, யாரு வருவாங்கன்னு யாருக்கும் உறுதியா தெரியாது, அப்போ விலை கம்மியான ஆளை எடுக்கிறது தானே புத்தி. சந்தையில ரெண்டு கடையில ஒரே தக்காளி இருந்தா எங்க வாங்குவோம்.

அடுத்து டாட்சன். இது இன்னும் நுணுக்கமானது, கொஞ்சம் பொறுமையா படிங்க. என் காரணம்: "வாஷிங்டன் இந்த வருஷம் நிறைய பாஸ் போடும், டாட்சன் ரெண்டாவது வருஷம், வெடிப்பார்." பாஸ் விஷயத்துல நான் சொன்னது சரியா நடந்துச்சு, அவங்க குவாட்டர்பேக் (பாஸ் வீசுற ஆள்) சாம் ஹவல் 2023ல 612 பாஸ் போட்டார், லீக்லயே அதிகம். அவ்வளவு பாஸ் போயும் டாட்சனுக்கு 49 கேட்ச், 518 யார்டு, 4 டச்டவுன் தான். ஹவல் அந்த வருஷம் 65 தடவை சாக் ஆனார் (பாஸ் போடுறதுக்கு முன்னாடியே மடக்கி வீழ்த்திட்டாங்க), 21 இன்டர்செப்ஷன் கொடுத்தார் (எதிரணி பிடிச்ச பாஸ்), ரெண்டுலயும் லீக்ல முதல் இடம். பாஸ் எத்தனைன்னு எண்ணினேன், எப்படிப்பட்ட பாஸ்னு யோசிக்கல.

இன்னொரு தப்பு இதுக்கு அடியில ஒளிஞ்சு இருந்துச்சு. 2022ல டாட்சன் ரூக்கியா 12 மேட்ச்ல 35 கேட்ச் தான் பிடிச்சார், அதுல 7 டச்டவுன். அஞ்சு கேட்ச்சுக்கு ஒரு டச்டவுன். அந்த 7ஐ பார்த்து தான் எல்லாருக்கும் ஆசை வந்துச்சு, எனக்கும் தான். ஆனா டச்டவுன் எண்ணிக்கை ஒரு வருஷம் இருக்கிற மாதிரி அடுத்த வருஷம் இருக்காது, டார்கெட் (அவரைப் பார்த்து வீசின பாஸ்) எண்ணிக்கை தான் ஓரளவுக்கு நிலைச்சு நிக்கும். சின்ன எண்ணிக்கை கேட்ச்சுல பெரிய எண்ணிக்கை டச்டவுன் இருந்தா அதை நல்ல அறிகுறியா எடுக்கக் கூடாது, ஜாக்கிரதைன்னு சொல்ற அறிகுறியா எடுக்கணும். இப்போ என் ஷீட்ல இதுக்குன்னே ஒரு காலம் (column) வச்சிருக்கேன்.

மேட்டிசனை சீக்கிரம் முடிச்சிடுறேன். இடம் காலின்னு சொன்னது சரி, 180 தடவை பந்தை வாங்கி ஓடினார். 700 யார்டு. ஓடிப் போட்ட டச்டவுன் பூஜ்யம். முழு சீசன்ல ஒண்ணு கூட இல்ல, மூணு டச்டவுன் வந்தது எல்லாம் கேட்ச் பிடிச்சு. வாய்ப்பு கிடைச்சும் பாயிண்ட் வராத ஆளும் உண்டுன்னு இவர் காட்டினார், அதோட 6வது ரவுண்ட் விலை வேற.

நாலாவது: எதை வச்சு மார்க் போடுறதுன்னு முடிவு பண்ணுங்க

சீசன் மொத்த பாயிண்ட்டை மட்டும் பார்த்து மார்க் போடாதீங்க. மூணு எண் எழுதுங்க: மொத்தம், மேட்ச்சுக்கு சராசரி, அப்புறம் எத்தனை வாரம் அவர் உங்க லைன்அப்ல நிக்கிற அளவுக்கு ஆடினார்ங்கிறது. நான் 12 பாயிண்ட்டை கோடா வச்சிருக்கேன். அதோட 18வது வாரத்தை கழிச்சிடுங்க, பெரும்பாலான லீக்ல 17வது வாரத்தோட ஃபைனல் முடிஞ்சிடும். நிக்கோ காலின்ஸ் 18வது வாரம் இண்டியனாபொலிஸ்ல 195 யார்டு அடிச்சார், பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, ஆனா அதுல ஒரு யார்டு கூட யாருக்கும் கப் வாங்கித் தரல.

சராசரி ஏன் முக்கியம்னா, ராம்ஸ் டீம் கைரன் வில்லியம்ஸ் 2023ல 12 மேட்ச் தான் ஆடினார். அந்த 12ல 1,144 யார்டு ஓடினார், மொத்தம் 15 டச்டவுன். மொத்தத்தை மட்டும் பார்த்தா 17 மேட்ச் ஆடின சுமாரான ஆள் பக்கத்துல வந்து நிப்பார். கணுக்கால் அடிபட்டு உக்காந்த நாலு வாரம் நீங்க வேற ஆளை இறக்கியிருப்பீங்க இல்லயா, அந்த பாயிண்ட்டும் உங்களுக்கு வந்திருக்கும்.

ரிச்சர்ட்சன் மாதிரி ஆளுக்கு மார்க்கே போடாதீங்க. நாலு மேட்ச், அதுல ஓடியே 4 டச்டவுன், 5வது வாரம் டென்னசி மேட்ச்ல தோள் போச்சு, ஆபரேஷன், சீசன் முடிஞ்சுது. ஆடின வரைக்கும் நான் சொன்ன மாதிரி தான் ஆடினார், அதுக்காக நான் சரின்னும் சொல்ல முடியாது. ஷீட்ல "விடை வரல"ன்னு எழுதி விட்டுட்டேன். இந்த மூணாவது பெட்டி இல்லாம எல்லாத்தையும் சரி, தப்புன்னு ரெண்டுல அடைச்சா உங்க கணக்கே கெட்டுடும். ஒரே ஒரு நிபந்தனை, அடிபடுறது அவரோட ஆட்ட பாணியிலயே இருக்குன்னா, குவாட்டர்பேக்கா இருந்துட்டு அவ்வளவு தடவை ஓடுறார்னா, அதை அடுத்த வருஷ விலையில சேர்த்துக்கோங்க.

அஞ்சாவது: ஆளை வச்சிருந்தீங்களா, விட்டீங்களா?

இதை எழுத எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு, ஆனா இதை விட்டா இந்த வழிகாட்டி முழுசாகாது. டெவான் ஏச்சனை நான் டிராஃப்ட் பண்ணேன். காரணமும் சரியா எழுதி வச்சிருந்தேன், "மயாமி வேகத்துக்கு ஆடுற டீம், இவனை விட வேகமா ஓடுறவன் இல்ல, முன்னாடி நிக்கிற மோஸ்டர்ட்டுக்கு 31 வயசு, பல தடவை அடிபட்டவர்." முதல் வாரம் ஏச்சன் ஆடவே இல்ல. ரெண்டாவது வாரம் நியூ இங்கிலாந்து மேட்ச்ல ஒரே ஒரு தடவை பந்து கொடுத்தாங்க. என் பென்ச்ல இடம் இல்ல, ஒரு ரிசீவர் (பாஸ் பிடிக்கிற ஆள்) தேவைப்பட்டார், சனிக்கிழமை ராத்திரி ஏச்சனை விட்டேன்.

மறுநாள் செப்டம்பர் 24. மயாமி 70, டென்வர் 20. ஏச்சன் 203 யார்டு ஓடினார், 2 டச்டவுன், அதுக்கு மேல 4 கேட்ச், 30 யார்டு, இன்னும் 2 டச்டவுன். 51.3 பாயிண்ட். ஆப்ல அந்த எண் ஏற ஏற நான் பார்த்துட்டு இருந்தேன், யார் டீம்லயும் இல்லாம வேய்வர் லிஸ்ட்ல (யாரும் வச்சிருக்காத பிளேயர்களை வரிசைப்படி கேட்டு வாங்குற லிஸ்ட்) நிக்கிறார். புதன்கிழமை காலையில வேற ஒருத்தர் டீம்ல இருந்தார், என் வேய்வர் வரிசை 9வது.

வருஷ முடிவுல ஏச்சன் 11 மேட்ச்ல 103 தடவை ஓடி 800 யார்டு, மொத்தம் 11 டச்டவுன். இன்னொண்ணும் சொல்லணும், 31 வயசுன்னு நான் ஒதுக்கின மோஸ்டர்ட் 1,012 யார்டு, 21 டச்டவுன், மயாமி டால்ஃபின்ஸ் வரலாற்றுலயே ஒரு சீசனுக்கு அது அதிகம். அதாவது என் காரணத்துல "மயாமி ஓட்டம்"ங்கிற பாதி நான் நினைச்சதை விட பெருசா பலிச்சது, ரெண்டு பேருக்கும் பத்துற அளவுக்கு. அவரும் 10வது ரவுண்டு பக்கம் கிடைச்ச ஆள் தான்.

அதனால உங்க லீக் ஆப்ல டிரான்ஸாக்ஷன்ஸ் பக்கத்தை திறங்க. ஒவ்வொரு ஸ்லீப்பரையும் எந்த தேதியில விட்டீங்க, விடும்போது என்ன மாறியிருந்துச்சுன்னு எழுதுங்க. நான் விட்டப்போ என் காரணத்துல எதுவுமே மாறல. மயாமி அதே மயாமி, ஏச்சனோட வேகம் அதே வேகம், ரெண்டு வாரம் பொறுமை போச்சு, அவ்வளவுதான். இப்போ என் விதி: காரணம் உடைஞ்சா தான் ஆளை விடணும், காரணம் உடையாம வெறும் பாயிண்ட் வரலன்னா நாலு வாரம் வைக்கணும். நாலு வாரத்துக்கு பென்ச்ல இடம் கொடுக்க முடியாதுன்னா அந்த ஆளை டிராஃப்ட்லயே எடுக்கக் கூடாது, ரெண்டு மூணு ஸ்லீப்பருக்கு மேல சுமக்க முடியாது. என் விதிப்படி ஸ்கை மூரை சீக்கிரமே விட்டிருக்கணும். முதல் வாரம் டெட்ராய்ட் கூட ஒரு கேட்ச் கூட இல்ல, ரெண்டாவது வாரம் 70 யார்டு, ஒரு டச்டவுன்னு ஆசை காட்டினார், அந்த சீசன்ல அவருக்கு அதுதான் ஒரே டச்டவுன், நான் அதை நம்பி அக்டோபர் வரைக்கும் வச்சிருந்தேன். வைக்க வேண்டியவரை விட்டேன், விட வேண்டியவரை வச்சேன், ரெண்டும் ஒரே காரணத்தால தான், போன வார பாயிண்ட்டை மட்டும் பார்த்தேன்.

ஆறாவது: லிஸ்ட்ல இல்லாதவங்களையும் கேளுங்க

நாம எழுதினதை மட்டும் சரிபார்த்தா பாதி தான் தெரியும். அந்த வருஷம் ஜெயிச்ச ஸ்லீப்பர்கள் யாருன்னு எழுதி, ஒவ்வொருத்தருக்கும் நேர்மையா ஒரு கேள்வி: ஆகஸ்ட்ல எனக்கு இது தெரிஞ்சிருக்க வழி இருந்துச்சா?

புக்கா நகூவா. என்எஃப்எல் டிராஃப்ட்ல 5வது ரவுண்டு, 177வது ஆளா ராம்ஸ் எடுத்த பையன். 105 கேட்ச், 1,486 யார்டு. அந்த வருஷம் ரெண்டுமே ரூக்கி சாதனை, யார்டு சாதனை 1960ல இருந்து நின்னது. இவரை கணிச்சிருக்க முடியுமா? 1,486 யார்டுன்னு யாராலயும் முடியாது. ஆனா கடைசி ரவுண்டுல எடுக்கிற அளவுக்கு ஒரு காரணம் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ராம்ஸோட முக்கிய ரிசீவர் கூப்பர் கப்புக்கு ஆகஸ்ட்ல தொடையில தசைப் பிடிப்பு, திரும்ப வந்து மறுபடியும் அதே பிரச்சனை, கடைசியில முதல் மேட்ச்சுக்கு முன்னாடியே ஐஆர்ல, அதாவது அடிபட்டவங்க லிஸ்ட்ல, போட்டுட்டாங்க, குறைஞ்சது நாலு மேட்ச் கிடையாது. குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட் யாருக்காவது பாஸ் போட்டுத்தானே ஆகணும். இடம் காலி, விலை பூஜ்யம். எங்க டிராஃப்ட் ஆகஸ்ட் நடுவுலயே முடிஞ்சு போச்சு, அதனால எனக்கு அந்தச் செய்தி முழுசா கிடைக்கல. இதுல நான் கத்துக்கிட்டது ஆளைப் பத்தி இல்ல, தேதியைப் பத்தி. அதுக்கப்புறம் லீக்ல சண்டை போட்டு டிராஃப்ட்டை செப்டம்பர் முதல் வாரத்துக்கு மாத்த வச்சேன்.

டிராஃப்ட் முடிஞ்சிருந்தாலும் கதவு மூடல. முதல் வாரம் சியாட்டில்ல நகூவாவுக்கு 15 டார்கெட், 10 கேட்ச், 119 யார்டு, 21.9 பாயிண்ட். கேட்ச்சை விடுங்க, அந்த 15ஐ பாருங்க. ஒரு ரூக்கிக்கு முதல் மேட்ச்லயே குவாட்டர்பேக் 15 தடவை பார்த்து வீசுறார்னா அது தற்செயல் இல்ல. அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோ கூட 20 டார்கெட், 15 கேட்ச்.

கைரன் வில்லியம்ஸும் அதே மேட்ச் தான். அதே டீமோட கேம் ஏக்கர்ஸ் 22 தடவை ஓடி 29 யார்டு, கைரன் 15 தடவை ஓடி 52 யார்டு, 2 டச்டவுன். அடுத்த வாரம் ஏக்கர்ஸை ஆடுற லிஸ்ட்லயே சேர்க்கல, அப்புறம் மினசோட்டாவுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. டிராஃப்ட்ல நான் கைரனை கண்டுபிடிச்சிருக்க வழியே இல்லன்னு தான் இன்னும் நினைக்கிறேன், அதுக்காக வருத்தப்படல. ஆனா முதல் வாரம் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை வேய்வர்ல அவரைக் கேக்காதது தப்பு தான். ஷீட்ல இந்த ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, "ஆகஸ்ட்ல தெரிஞ்சிருக்கலாம்", "செப்டம்பர்ல தெரிஞ்சிருக்கலாம்". ரெண்டாவது பெட்டியில நிறைய பேர் விழுந்தாங்கன்னா உங்க பிரச்சனை டிராஃப்ட் இல்ல, வேய்வர்.

மூணாவதா ஒருத்தர், டெட்ராய்ட் சாம் லபோர்ட்டா. 86 கேட்ச், 889 யார்டு, 10 டச்டவுன், ரூக்கி டைட் எண்ட் (பாஸும் பிடிச்சு எதிராளியையும் தடுக்கிற ஆள்). இவர் என் கையில இருந்து நழுவினது வேற மாதிரி. "ரூக்கி டைட் எண்டை எடுக்கவே கூடாது"ன்னு ஒரு விதி வச்சிருந்தேன், அந்த விதி பல வருஷமா வேலை செஞ்சுது, அதனால அந்த டீமுக்கு உள்ள என்ன நடக்குதுன்னே பார்க்கல. பழைய டைட் எண்ட் ஹாக்கன்சனை 2022 நடுவுலயே மினசோட்டாவுக்கு கொடுத்துட்டாங்க, என்எஃப்எல் டிராஃப்ட்ல 34வது ஆளா லபோர்ட்டாவை எடுத்தாங்க, இடம் காலின்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. விதி வச்சுக்கிறது நல்லதுதான், ஆனா அது விலைக்கு ஏத்த மாதிரி இருக்கணும். 5வது ரவுண்டுக்கு ரூக்கி டைட் எண்ட் வேண்டாம், சரி. 13வது ரவுண்டுக்கு என்ன நஷ்டம்?

ஏழாவது: விதியை எழுதி அடுத்த வருஷத்துல சோதிங்க

ஆய்வு முடிஞ்சதும் ஒரு பக்கத்துக்கு விதி எழுதிடாதீங்க, ஒண்ணு போதும், கூடிப்போனா ரெண்டு. 2023ல இருந்து நான் எடுத்த பெரிய விதி: ரிசீவர் போய் இடம் காலியானா, அந்த டீம்ல ஏற்கனவே இருக்கிற பழைய ஆளை விட புதுசா டிராஃப்ட்ல எடுத்த ஆளைப் பாரு. ஸ்கை மூர், ரைஸ் கதையில இருந்து வந்தது.

2024ல அதை வச்சு ஆடினேன். லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ்ல கீனன் ஆலன், மைக் வில்லியம்ஸ் ரெண்டு பேரும் போயாச்சு, 34வது ஆளா வந்தவர் லேட் மெக்கான்கி. 82 கேட்ச், 1,149 யார்டு, 7 டச்டவுன். ஜாக்சன்வில்ல கால்வின் ரிட்லி போயிட்டார், வெளியில இருந்து கேப் டேவிஸை கூட்டிட்டு வந்தாங்க, ஆனா ரூக்கி பிரையன் தாமஸ் 87 கேட்ச், 1,282 யார்டு, 10 டச்டவுன் அடிச்சார், டேவிஸ் 20 கேட்ச். ரெண்டு இடத்துலயும் விதி நின்னுச்சு, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பஃபலோல உடைஞ்சுது. ஸ்டெஃபான் டிக்ஸ் ஹூஸ்டன் போனதும் நான் விதிப்படி ரூக்கி கியான் கோல்மனை எடுத்தேன். 29 கேட்ச், 556 யார்டு. அந்த டீம்ல அதிகம் பிடிச்சது ஏற்கனவே மூணாவது வருஷமா அங்க இருந்த கலீல் ஷகீர், 76 கேட்ச், 821 யார்டு. நியூ இங்கிலாந்துல ஜாலின் போல்க்னு ஒரு ரூக்கியையும் சிலர் இதே கணக்குல எடுத்தாங்க, 12 கேட்ச், 87 யார்டு.

அதனால 2024 ஜனவரி விதியை 2025 ஜனவரியில திருத்தி எழுதினேன்: காலி இடத்துக்கு ரெண்டு பேர் நின்னா விலை கம்மியான ஆள், ரூக்கியா பழைய ஆளாங்கிறது அப்புறம். ஷகீர் எங்க லீக்ல கோல்மனுக்கு ரெண்டு ரவுண்டு கழிச்சு போனார், அதை ஷீட்டோட விலை காலத்துல நானே எழுதியிருந்தேன்.

ஷீட்ல என்னென்ன காலம் வேணும்னு கேக்கிறவங்களுக்கு: பேர், எழுதின தேதி, ரவுண்டு, பக்கத்துல கிடைச்ச வேற ரெண்டு பேர், இடம் ஏன் காலி, இவர் ஏன், போன வருஷ கேட்ச்சும் டச்டவுனும், விட்ட தேதி, விட்ட காரணம், மொத்தம், சராசரி, 12க்கு மேல எத்தனை வாரம், கடைசியா சரி அல்லது தப்பு அல்லது விடை வரல. முதல் ஏழு காலத்தையும் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிரப்பி, குரூப்ல ஒரு ஆளுக்காவது அனுப்பி வச்சிடுங்க, அப்போ தான் ஜனவரியில உங்களால திருத்த முடியாது. நான் என் மச்சானுக்கு அனுப்புறேன், அவன் லீக்ல இல்ல, ஃபுட்பாலே பார்க்க மாட்டான், ஆனா ஒவ்வொரு ஜனவரியும் 18வது வாரம் முடிஞ்ச திங்கட்கிழமை அந்த படத்தை திருப்பி எனக்கே அனுப்பி "எத்தனை வந்துச்சு?"ன்னு கேப்பான்.